கெசியா உட்கார்ந்த இடம்

கொஞ்சம் நெருங்கி வாங்க, கண்ணுகளா. அந்த நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கோங்க. பூனை நகராது, அதைத் தாண்டி வாங்க. இன்றைக்கு உங்களுக்குக் கெசியாவின் கதையைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தன் புருஷன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷம் ஆசைப்பட்டவள் அவள். அவளுக்கு வேறு ஆசையே இருந்ததாகத் தெரியவில்லை.

நம்ம கெல்டி ஆற்று ஊரில் அப்போது இரண்டு கோயில் இருந்தது. ஆற்றங்கரையில் மெதடிஸ்ட் கோயில், மேட்டின் மேல் பிரஸ்பிட்டேரியன் கோயில். நடுவில் முக்கால் மைல். கீழ்க்கோயில் யார்க்‌ஷயரிலிருந்து கப்பலேறி வந்தவர்களுடையது. மேல்கோயில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களுடையது. இரண்டு பேர் வீட்டிலும் ஒரே வேதப்புத்தகம், பீப்பாயில் ஒரே உப்புமீன். ஆனால் கீழே உள்ளவர்கள் நின்று பாடி உட்கார்ந்து ஜெபிப்பார்கள். மேலே உள்ளவர்கள் உட்கார்ந்து பாடி நின்று ஜெபிப்பார்கள். கீழே ஆர்மோனியம் உண்டு. மேலே, ஆண்டவர் கொடுத்த தொண்டையைத் தவிர வேறு வாத்தியம் வாசற்படி ஏறக்கூடாது.

கெசியா கீழ்க்கோயில் பெண். அவள் கட்டிக்கொண்ட லாக்லன் மெக்ஃபெயில் மேல்கோயிலில் தாவீதின் சங்கீதத்தைப் பாடி எடுத்துக் கொடுப்பவர். அவர் ஒரு வரியைத் தனியாக நீட்டிப் பாடுவார். சபை முழுக்க அந்த வரியைத் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த வரி. அவர் குரலைப் பற்றிக் கரையோரம் எல்லாம் பேச்சு. கட்டிய மனைவி மட்டும் அதைக் கோயிலுக்குள் இருந்து கேட்டதில்லை. அதே மணிக்கு அவள் கீழே இருப்பாள்.

கல்யாணமான முதல் வருஷம் ஒரு வாரநாளில் அவள் மேட்டுக்குப் போகத்தான் செய்தாள். என்னையும் சேர்த்துக்கோங்க என்று மூப்பர்கள் முன்னால் நின்றாள். பெரிய மூப்பர் ரோரி ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவர், "இத்தனை நாளும் நீ இருந்தது வழிதப்பின இடம்னு ஒத்துக்கிடுதியா?" என்றார்.

கெசியாவுக்குத் தன் அப்பா நினைவு வந்தது. படகில் கால் வைக்கும் முன்னால் ஈர மணலிலேயே முழங்காலிடுவார் அந்த மனுஷர்.

"அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்று வெளியே வந்துவிட்டாள். லாக்லனும் அந்த மூப்பர்களுக்கு நடுவில்தான் இருந்தார். கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை, அவளும் பிறகு கேட்கவில்லை.

அதிலிருந்து ஒரு குதிரை, ஒரு வண்டி, இரண்டு கோயில். குளிர்காலமானால் சறுக்குவண்டி. நாலு மைல் ஒன்றாக வருவார்கள். கீழ்க்கோயில் வாசலில் அவள் இறங்குவாள். அவரும், அவர்களோடே குடியிருந்த அவர் அக்கா எஃபியும் மேட்டுக்குப் போவார்கள். கீழே ஆராதனை ஒரு மணி நேரம். மேலே இரண்டரை. கோயில்பிள்ளை வில்மட் அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்கும் உங்க ஆளுங்க மோசேயோட மலையில ஏறிட்டாங்க போல, இறங்க நாப்பது நாளாகும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் முன்கூடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பாள். கோடையில் மேலே ஜன்னல் திறந்திருந்து காற்றும் வாகாக இருந்தால், பாட்டு எழும்புவது மட்டும் கேட்கும். வார்த்தை கேட்காது.

பெற்ற இரண்டு மகன்களில் மூத்தவன் அப்பாவோடும் இளையவன் அம்மாவோடும் கோயிலுக்குப் போனார்கள். பிறகு இரண்டு பேரும் பாஸ்டனுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே எந்தக் கோயிலுக்கும் போவதில்லை என்று கேள்வி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அந்தச் செய்தி வந்தது. தேசம் முழுக்க மெதடிஸ்டும் பிரஸ்பிட்டேரியனும் இன்னும் ஒரு கூட்டமும் சேர்ந்து ஒரே ஐக்கிய சபை ஆகப் போகிறார்களாம். மெதடிஸ்டுகள் சரி என்றுவிட்டார்கள். பிரஸ்பிட்டேரியன்கள் ஊர் ஊராகச் சீட்டுப் போட்டு முடிவு பண்ண வேண்டும். நம்ம மேல்கோயிலுக்கு ஜனவரியில் நாள் குறித்தார்கள்.

அன்று சாயங்காலம் எஃபி ஓட்ஸ் மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கெசியா அடுப்பில் கட்டை போட்டாள்.

"ஐக்கியமாம் ஐக்கியம்" என்றாள் எஃபி. "மோரையும் பாலையும் ஒரே சட்டியில ஊத்திட்டு, ரெண்டும் மாட்டுக்கிட்ட இருந்துதானே வந்துச்சுங்கானுவ."

"சட்டி ஒண்ணானா கழுவுத வேலை மிச்சம்தானே மதினி."

"நீ பேசுவே. உங்க ஆளுக பாட்டு எழுதுனா ஆறு மாசத்துக்கு ஒரு புதுப் பாட்டு. எங்களுக்குத் தாவீது ராஜா எழுதுனது போதும். ஸ்காட்லாந்துல நிலக்காரன் எங்க தாத்தாவை வீட்டை விட்டுத் துரத்தினப்போ ஒரு மூட்டை ஓட்ஸும் அந்தப் பாட்டும்தான் கொண்டுட்டு வந்தாரு. ஓட்ஸ் வழியிலேயே தீந்துபோச்சு."

எஃபி அப்படித்தான். கரண்டியால் குத்துகிற மாதிரிப் பேசுவாள், நடுவில் ஒரு வார்த்தை நம்மையே குத்திவிடும்.

"நீயும் வாயைத் திறந்து சொல்லேன் லாக்லன்" என்றாள் தம்பியைப் பார்த்து.

"ரொட்டி கருகுது அக்கா" என்றார் அவர்.

ஜனவரியில் ஆறு உறைந்தது. கோடரியால் பனிக்கட்டியில் பள்ளம் வெட்டி, அடியில் வலையை விட்டு, தண்ணீர் இறங்குகிற வற்றத்துக்குக் காத்திருந்து இழுப்பார்கள். ஸ்மெல்ட் மீன் விரல் நீளத்தில் வெள்ளியாகக் கொட்டும். துள்ளினது துள்ளினபடி, வளைந்தது வளைந்தபடி, அந்த இடத்திலேயே உறைந்துபோகும். கெசியா கையுறையோடு அதைப் பெரிசு, சிறிசு என்று பொறுக்கிப் பெட்டியில் போடுவாள். மூச்சு விட்டால் கழுத்துத் துணியில் உறைபனி கட்டும். பாட்டிலில் கொண்டுபோன தேநீரைக் கம்பளி உறையிலிருந்து எடுத்து இரண்டு பேரும் ஒரே மூடியில் குடித்தார்கள்.

"என்னங்க."

"ம்."

"பெட்டியில என்ன போடப் போறீங்க?"

"மீனு."

"நான் கேக்கது அந்தப் பெட்டி இல்ல."

லாக்லன் வலைக்கயிற்றைக் காலில் சுற்றி மிதித்துக்கொண்டார். "சீட்டுல எழுதுதத வெளிய சொல்லக்கூடாதுன்னு போதகர் சொல்லியிருக்காரு."

"நான் வெளியா?"

கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டி உறைந்துகொண்டிருந்தது.

"நீ வெளி இல்ல. ஆனா நான் இன்னும் எனக்கே சொல்லிக்கிடலை" என்றார். "நம்ம ஆளுக பாதிப் பேரு வேண்டாம்னு போடுவானுவ. ஆகிப்போச்சுன்னா அந்தப் பாதி வெளிய போயிரும். அக்காவும் போவா. ஆகலேன்னா நீ எப்பவும் போல அந்தக் குளிர்ல உக்காந்திருப்பே. எந்தப் பக்கம் வெட்டினாலும் நம்ம வீட்டுலதான் வெட்டு."

"குளிரு எனக்குப் பழகிட்டுது."

"பழகலை" என்றார். "வண்டியில ஏறையில உன் கையைத் தொட்டுப் பாக்கேன்லா."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் குனிந்து மீன் பொறுக்கினாள். பெரிசும் சிறிசும் ஒன்றாகவே போட்டாள்.

சீட்டுப்பெட்டி மேல்கோயிலில் இரண்டு வாரம் இருந்தது. மாதக் கடைசியில் போதகர் எண்ணிக்கையை வாசித்தார். ஆம் என்றவர்கள் அறுபத்தொன்று, வேண்டாம் என்றவர்கள் ஐம்பத்துநாலு. எஃபி வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தாள். தோலைத் தடிமனாகச் சீவினாள். அவள் சாதாரணமாக அப்படிச் சீவுகிறவள் இல்லை.

"ஏழு பேரு வித்தியாசம்" என்றாள். "நாலு பேரு இந்தப் பக்கம் வந்திருந்தா நின்னிருக்கும். அந்த நாலுல ஒருத்தன் எங்கூடப் பொறந்தவன்."

"ஆமா அக்கா" என்றார் லாக்லன்.

அவர் எந்தச் சீட்டைப் போட்டார் என்று கெசியாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. கட்டை எடுக்கப் போகிற மாதிரி விறகுக் கொட்டகைக்குப் போனாள். குளிரில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது கையில் கட்டை இல்லை. எஃபி அதைக் கவனித்தாள். தோல் சீவிக்கொண்டே, "உனக்கு நல்லதுதான் ஏட்டி. நான் இல்லேன்னு சொல்லலை" என்றாள்.

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு ஐக்கிய சபையின் முதல் ஆராதனை. கீழ்க்கோயிலைப் பூட்டிவிட்டு, வில்மட் ஆர்மோனியத்தை மாட்டுவண்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனார். வண்டி கெசியாவைக் கீழே இறக்கிவிடவில்லை. கீழ்க்கோயில் வாசலைத் தாண்டியபோது அவள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், இறங்கப் போகிறவள் மாதிரி. எஃபி அன்றைக்கு வண்டியில் இல்லை. வெளியே போன ஐம்பத்துநாலு பேருக்குத் துறைமுகத்தில் சிங்கி இறால் டப்பாவில் அடைக்கிற கொட்டகையை ஞாயிறு மட்டும் விட்டிருந்தார்கள். அவள் விடியற்காலையிலேயே நடந்து போய்விட்டாள்.

மூன்றாவது வரிசையில் கெசியா தன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள். அவர் கோட்டிலிருந்து கற்பூர வாசனை வந்தது. ஆர்மோனியம் தொடங்கியதும் பாதிச் சபை எழுந்தது, பாதிச் சபை உட்கார்ந்திருந்தது. எழுந்தவர்கள் மற்றவர்களைப் பார்த்து உட்கார, உட்கார்ந்திருந்தவர்கள் இவர்களைப் பார்த்து எழுந்தார்கள். லாக்லன் நடுவில் மாட்டிக்கொண்டு, முழங்கால் மடித்து வலை இழுக்கிறவர் போல நின்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள், போதகர் உட்பட. கெசியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாட்டு ஏறியது. அவள் பாடாமல் தலையைச் சற்றுச் சாய்த்து அவர் பக்கம் காது கொடுத்தாள்.

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு வரி முடிந்ததும் அவர் மூச்சை இழுத்து நிறுத்துவார். ஆர்மோனியம் நிற்காமல் ஓடும். அவர் இழுத்த மூச்சு அப்படியே நெஞ்சில் நிற்கும். நாலு வரிக்குப் பிறகு புத்தகத்தை மூடி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது, "பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "வேகமா இருந்துச்சு" என்றார்.

வாரநாளெல்லாம் கெசியாவும் எஃபியும் அந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தார்கள். இறால் சீசன். கொப்பரையில் ஆவி புகையும். நீளப் பலகை மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று, வெந்த கொடுக்கை உடைத்து, சதையை முழுசாக உருவி, எண்ணெய்க் காகிதம் விரித்த டப்பாவில் அடுக்குவார்கள். கடல்பக்க ஜன்னலிலிருந்து மூன்றாவது இடம் எஃபிக்கு, நாலாவது கெசியாவுக்கு. பல வருஷமாக அப்படித்தான். ஒருத்தி உடைப்பாள், ஒருத்தி உருவுவாள். கை பார்க்காமலே கைக்குப் போகும்.

அந்த ஜூனில் எஃபி, "கத்தியைக் கொடு", "உப்புத் தண்ணி தள்ளு" என்பதற்கு மேல் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தானாக வாய் திறந்தாள்.

"இந்த மேசையிலதான் ஞாயித்துக்கிழமை உக்காருதோம். என்ன தேய்ச்சாலும் இறால் நாத்தம் போகலை. மூப்பர் ரோரி ஜெபம் பண்ணயில ஒரு நண்டுக்குஞ்சு அவரு செருப்பு மேல ஏறிட்டுது."

"பாட்டு?"

"பாட்டா." எஃபி ஒரு கொடுக்கைத் தேவைக்கு மேலேயே ஓங்கி உடைத்தாள். "ரோரிதான் எடுத்துக் கொடுக்காரு. ரெண்டாவது வரியில ராகம் கடலுக்குள்ள போயிருது. அவரு பின்னால நாங்க ஐம்பது பேரும் முங்குதோம். கன்னுக்குட்டி வேலியில மாட்டுன மாதிரி இருக்கு. ஆண்டவர் பொறுமைசாலி."

கெசியா சிரித்தாள். எஃபியும் சிரித்தாள். பிறகு எஃபி மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "அவன் எடுத்துக் கொடுத்தா நல்லாருக்கும்" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

மூன்று ஞாயிறு போனது. சனிக்கிழமை உருளைக்கிழங்குப் பாத்தியில் களை கொத்தும்போது கெசியா சொன்னாள்.

"நாளைக்கு நீங்க கொட்டகைக்குப் போங்க."

"எந்தக் கொட்டகைக்கு?"

"மதினி முங்குத கொட்டகைக்கு."

லாக்லன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "இத்தனை வருஷமா நீ ஆசைப்பட்டது இது."

"ஆமா."

"இப்பக் கெடைச்சிருக்கு. வேண்டாங்குதே."

"வேண்டாங்கலை. பக்கத்துல உக்காந்திருக்கீங்க, தோளு ஒரசுது. ஆனா நீங்க இன்னும் வந்து சேரலையே. மூணு வாரமா நான் உங்க கோட்டு பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

அவர் ஒரு மண்கட்டியைக் காலால் உடைத்தார். "உனக்காகத்தான் அந்தச் சீட்டைப் போட்டேன் கெசியா."

"தெரியும். அதனாலதான் சொல்லுதேன். வாயை மூடிக்கிட்டு எனக்காக ஒருத்தர் உக்காந்திருக்கத நான் எத்தனை நாளு பாக்க?"

மறுநாள் வண்டி அவளை மேட்டில் இறக்கிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் கையசைத்துவிட்டு உள்ளே போய், மூன்றாவது வரிசையில், பக்கத்து இடத்தில் தன் சால்வையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வில்மட்டின் மனைவி வந்து, "இங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஜூலை நடுவில் கொட்டகைக்காரர்களுக்குத் திருவிருந்து, அப்பமும் மதுவும் பகிர்கிற ஆராதனை. வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்தார். இறால் சீசன் முடிந்திருந்தது. பெண்கள் நாலு நாள் சாம்பலும் சோப்பும் போட்டு மேசையைத் தேய்த்து, வெள்ளைத் துணி விரித்தார்கள். அவர்கள் முறையில் திருவிருந்துக்கு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். சபைப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள்தான் உட்காரலாம். பெயர் இல்லாதவர்கள் கதவோரம் நின்று பார்க்கலாம், அதோடு சரி. கோப்பையை மூப்பர் மேசை முனையில் ஒருவர் கையில் கொடுப்பார். அவர் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, கைமாறிக் கைமாறி அது மறுமுனைக்குப் போகும்.

கெசியா மேட்டில் ஆராதனை முடிந்து துறைமுகத்துக்கு நடந்து வந்தாள். படகுத்துறைக் கட்டையில் உட்கார்ந்து காத்திருந்தாள். மூடுபனி இறங்கி, பிறகு தூறல் விழுந்தது. கொட்டகைக் கதவு திறந்து எஃபி தலையை நீட்டினாள்.

"ஏட்டி, மழையில நனைஞ்சு யாருக்கு என்ன காட்டுதே? உள்ள வந்து கதவோரம் நில்லு."

சொல்லிவிட்டு எஃபி தன் இடத்துக்குத் திரும்பினாள், பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அவளுக்கு வழிவிட்டார்கள். கெசியா ஈரச் சால்வையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். அந்த நேரம் லாக்லன் சங்கீதத்தை எடுத்தார்.

எப்படிச் சொல்வேன். அவர் குரல் பெரிய குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்புத்தான். ஆனால் ஒரு வரியை அவர் நீட்டி அலையவிட்டு எங்கேயோ கொண்டுபோய் வைக்க, ஐம்பது பேரும் அங்கே போய் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. கரை ஏறி இறங்குகிற தண்ணீர் மாதிரி இருந்தது. கெசியா கேட்டுக்கொண்டே நடந்தாள். எங்கே நடக்கிறோம் என்று நினைக்கவில்லை. எத்தனையோ சீசன் அந்தக் கதவுக்குள் நுழைந்த கால். அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எஃபிக்கு விட்ட வழியிலேயே பின்னால் போய், கடல்பக்க ஜன்னலிலிருந்து நாலாவதாகக் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைத் துணி மேல் கை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துணிக்கு அடியில் பலகையின் முடிச்சு தட்டுப்பட்டது. அவள் இடம்தான் அது. ஆனால் இன்றைக்கு அது திருவிருந்து மேசை.

எழுந்திருக்கலாம் என்று பார்த்தாள். பெஞ்சு சுவரோடு ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் எஃபி, அந்தப் பக்கம் விதவை ஜெசி. எழுந்தால் வரிசை முழுக்க எழுந்து வழிவிட வேண்டும். மேசைத் தலைப்பில் ரோரி அவளைப் பார்த்துவிட்டார். ஒரு முறை இருமினார். பாட்டுக்கு நடுவில் லாக்லனும் பார்த்தார். அடுத்த வரியை அவர் தொடங்கச் சற்று நேரமானது. சபை காத்திருந்தது. பிறகு தொடங்கினார்.

இரண்டு கைப்பிடி வைத்த ஈயக் கோப்பை முனையிலிருந்து புறப்பட்டது. ரோரி மேசைக்கு எதிர்ப்பக்கமாக அதோடு கூடவே நடந்து வந்தார். கோப்பை எஃபி கைக்கு வந்தது. அவள் குடித்தாள். துணியால் விளிம்பைத் துடைத்தாள். ஜெசி, முறை தெரிந்தவள், கெசியாவுக்குக் குறுக்கே கையை நீட்டிக் காத்திருந்தாள். ரோரி, "எஃபி" என்றார் மெதுவாக.

எஃபி, ஜெசி நீட்டிய கையைப் பார்த்தாள். ரோரியைப் பார்த்தாள். கெசியாவை மட்டும் பார்க்கவில்லை. இறால் வேலையில் எப்படி நீட்டுவாளோ அப்படியே கோப்பையைப் பக்கத்துக் கைகளில் வைத்தாள்.

"பிடி. கனமா இருக்கும்" என்றாள்.

கெசியா பதினாலு வயதில் மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். கீழ்க்கோயிலில் திருவிருந்துக்கும் திராட்சை ரசம்தான், புளிக்காதது. இது நிஜமான திராட்சை மது. தொண்டையில் சுட்டது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஜெசியிடம் கொடுத்தாள். ஜெசி ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு வாங்கிக்கொண்டாள். லாக்லன் பாடிக்கொண்டே இருந்தார். அந்த வரி வேண்டிய நீளத்துக்கு மேல் நீண்டது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தூறல் விட்டிருந்தது. வண்டியில் மூன்று பேரும் ஒரே பலகையில் இடுக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு ரோரி வீட்டுக்கு வருவாரு" என்றார் லாக்லன்.

"வரட்டும். டீ கொடுப்போம்" என்றாள் எஃபி. சற்று நேரம் கழித்து, "நல்லாக் கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். ஐக்கியத்துக்கு நான் இன்னைக்கும் எதிரிதான். நாளைக்குச் சீட்டுக் கொடுத்தாலும் வேண்டாம்னுதான் போடுவேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் கொடுத்தீங்க மதினி?"

எஃபி குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வேற என்ன செய்ய? நீ என் பக்கத்துல இருந்தே."

ரோரி வந்தார். டீ குடித்தார். எஃபியின் பெயருக்கு எதிரே சபைப் புத்தகத்தில் கண்டித்து ஏதோ எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அப்படி ஒரு ஞாயிறு கெசியாவுக்கு வரவில்லை. வண்டி அவளை மேட்டில் இறக்கிவிட்டுத்தான் போனது, அவள் கண்ணை மூடும் வரைக்கும். பக்கத்து இடத்தில் சால்வையை வைத்துக்கொள்வதையும் அவள் விடவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கும் நாளில், மூடுபனி வழியாகத் துறைமுகத்திலிருந்து பாட்டு வந்தால், அது எந்த வரி என்று அவளால் சொல்ல முடிந்தது.

நேரமாகிவிட்டது, போய் வாங்க கண்ணுகளா. உங்கள் வீட்டு மேசையில் ஒரு இடம் எப்போதும் அதிகமாகவே இருக்கட்டும். உங்களோடு ஒத்துப்போகாதவர்கள் உங்கள் பக்கத்திலேயே உட்காரட்டும், உங்கள் கை அவர்கள் கையைத் தாண்டிப் போகாதிருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், ஒருத்தரும் வெளியே குளிரில் காத்திருக்காமல், ஆண்டவர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.